செம்பருத்தி எண்ணெயில் பூசணம் ஏன் பூத்தது?

நீங்கள் எழுதியிருப்பது இது. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. குழந்தை பிறந்து நான்கு மாதம். தலை சீவினால் முடி கொத்தாக வருகிறது, நெற்றியில் பொடிப்பொடியாகப் பருக்கள். கடைப் பொருள்களெல்லாம் ரசாயனம் என்று பயந்து, செம்பருத்திப் பூவையும் இலையையும் போட்டு வீட்டிலேயே எண்ணெய் காய்ச்சினீர்கள். பன்னிரண்டாம் நாள் சீசாவின் அடியில் கலங்கல், மேலே மிதந்த இதழ்த் துணுக்குகளில் வெள்ளைப் பூசணம். கற்றாழையை அரைத்து வைத்த ஜெல் நான்காம் நாளே நாறிவிட்டது. ‘கெடாமல் இருக்க இயற்கையாக எதைச் சேர்க்க வேண்டும்? வைட்டமின் இ மாத்திரையை உடைத்து ஊற்றினால் போதுமா?’ என்று கேட்டுவிட்டு, பூசணம் பூத்த எண்ணெயை மறுபடி காய்ச்சி வடிகட்டலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். பார்வைக்கு இது சேர்மானம் பற்றிய கேள்வி. உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன: செய்முறையில் எங்கே பிசகினேன்? இதையெல்லாம் செய்தால் முடி கொட்டுவது நிற்குமா? முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குப் பாதிதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், என் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். நான் மருந்தாளர். பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ பாசாரிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு மருந்தகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முகம் சிவந்து, தடித்து, ‘இதைத்தான் தடவினேன், இப்படி ஆகிவிட்டது’ என்று கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டியபடி வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. வீட்டு வைத்தியம் பலித்தவர்கள் மருந்தகத்துக்கு வரமாட்டார்கள். ஆகவே என் பார்வை கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். எண்ணெய் காய்ச்சக் கற்றது கல்லூரியில் இல்லை, மாமியாரிடம். சுங்கைப்பட்டாணி பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். தோல் மருத்துவம் நான் படிக்கவில்லை, உங்கள் தலையையும் நெற்றியையும் பார்க்கவும் இல்லை.

உங்கள் எண்ணெய் கெட்டதற்குக் காரணம் தண்ணீர். சுத்தமான எண்ணெயில் பூசணம் வளராது. அது வளரத் தேவையான ஈரம் அங்கே கிடையாது. நீங்களோ பறித்த பூவையும் இலையையும் அலசி, அந்த ஈரத்தோடே எண்ணெயில் போட்டு, நிறம் மாறும்வரை பத்து நிமிடம் காய்ச்சியதாக எழுதியிருக்கிறீர்கள். செம்பருத்தி இதழில் பெரும்பகுதி தண்ணீர். இலையைக் கசக்கினால் வழவழவென்று வருகிறதே, அந்தச் சாறு தண்ணீரை எளிதில் விடாது. பத்து நிமிடத்தில் நிறம் இறங்கிவிடும், வாசனையும் வந்துவிடும், தண்ணீர் மட்டும் போகாமல் கிடக்கும். எண்ணெயைவிடக் கனம் என்பதால் சீசாவில் அது அடியில் போய்த் தேங்கும். நீங்கள் பார்த்த கலங்கல் அதுதான்.

வைட்டமின் இ இதற்கு உதவாது. எண்ணெய் இரண்டு விதமாகக் கெடும். காற்றுப் பட்டுப் பட்டு மாதக்கணக்கில் காறல் வாடை எடுப்பது ஒன்று. அதை வைட்டமின் இ ஓரளவு தள்ளிப்போடும். கிருமியும் பூசணமும் பிடிப்பது மற்றொன்று. அவற்றிடம் வைட்டமின் இ பேச்சே எடுபடாது. கிருமியைத் தடுக்கவென்று சேர்ப்பதற்குப் பதப்பொருள் என்று பெயர். கடையில் விற்கும் கிரீமில் இருப்பதும் அதுதான், நீங்கள் பயப்படும் ரசாயனங்களில் ஒன்றும் அதுதான். எதற்குப் பயந்து கடைப் பொருளை விட்டீர்களோ, அதே வேலையைச் செய்யும் ஒன்றைத்தான் இப்போது வேறு பெயரில் தேடுகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதே கேள்வியை முகப்பில் நின்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். எண்ணெயைப் பொறுத்தவரை எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ஈரத்தை முழுதாக எடுத்துவிட்டால் போதும்.

என் மாமியார் எண்ணெய் காய்ச்சும்போது அடுப்பைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். அரை லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு கைப்பிடி இலை, பத்துப் பூ. அலசி, துணியில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுக்க வாடவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் நிழலில் வைத்தால் மட்டும் காயாது, புழுங்கும், விசிறி கட்டாயம். பிறகு அடி கனமான சட்டியில், சிறு தீயில். முதலில் சடசடவென்று பொரியும்; தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம் அது. கொஞ்சம் கொஞ்சமாக முணுமுணுப்பாகும், பெரிய குமிழிகள் பொடிக் குமிழிகளாகும், அப்புறம் அடங்கும். அடங்கிய கணமே எல்லாரும் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அவர் தீயை இன்னும் தணித்துவிட்டு, அடியில் கிடக்கும் கசடில் கொஞ்சம் கரண்டியால் எடுத்து ஆறவைத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டுவார். மெழுகுபோலத் திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியை விளக்குச் சுடரில் காட்டுவார். சடசடத்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, சட்டி அடுப்பிலேயே இருக்கட்டும். சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். சித்த வைத்தியத்தில் இதை மெழுகுப் பதம் என்பார்கள். பொருளின் ஈரத்தை அளக்கும் கருவியை நான் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன். அது செய்யும் வேலையை அவருக்கு ஒரு காமாட்சி விளக்கு செய்துகொடுத்தது.

இறக்கிய பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சூட்டோடு தட்டுப் போட்டு மூடினால், மிச்சம் மீதி ஆவி தட்டில் வியர்த்துத் துளியாகி மறுபடி எண்ணெய்க்குள்ளேயே விழும். மெல்லிய துணியைக் கட்டி ஆறவிடுங்கள். வடிகட்டும்போது கடைசிச் சொட்டு வரைக்கும் துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம். பிழிந்தால் வருவது கசடும் அதில் ஒட்டிய ஈரமும். கண்ணாடி சீசாவைக் கொதிநீரில் அலசினால் மட்டும் போதாது, உள்ளே ஒரு துளி ஈரம் தெரியாமல் காய்ந்திருக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே சீசாவில் ஊற்றாமல், புழங்குவதற்கு ஒரு சின்னச் சீசா வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குளியலறையில் வைக்காதீர்கள். ஈரக்கையை விடாதீர்கள். இப்படிக் காய்ச்சிய எண்ணெய் எங்கள் வீட்டில் ஆறு மாதம் வரும். அதற்கு மேல் வைத்துப் பார்க்க வீட்டுப் பெண்கள் விட்டதில்லை.

பினாங்கில் மலாய்ப் பாட்டிகளும், மலாய்ப் பழக்கம் கலந்த சீனக் குடும்பங்களான நியோன்யா வீட்டினரும் செய்யும் பெடாக் செஜுக் என்ற அரிசி முகப்பூச்சைப் பார்த்திருப்பீர்கள். மழைத்துளி அளவு வெள்ளைப் பொட்டுகள், டப்பாவில் பாண்டான் இலை மணத்தோடு இருக்கும். அரிசியை வாரக்கணக்கில் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, தானே கரையும் பதத்துக்கு வந்ததும் அரைத்து வடிகட்டி, துளித்துளியாக வைத்து வெயிலில் காயவைப்பார்கள். அவ்வளவு நாள் தண்ணீரில் கிடந்து புளித்த பொருள், காய்ந்துவிட்டபின் மாதக்கணக்கில் கெடாது. வேண்டும்போது இரண்டு பொட்டை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிக்கொண்டால் தீர்ந்தது. நம் வீட்டுச் சாமான்களையும் எண்ணிப் பாருங்கள். தைலம், எண்ணெய், சீயக்காய்த் தூள், நலங்கு மாவு, பொடி, இல்லாவிட்டால் அம்மியில் அரைத்து அப்போதே பூசித் தீர்த்துவிடுவது. ஈரமானதைச் சேர்த்து வைக்கும் வழக்கமே நம்மிடம் இருந்ததில்லை. ஜெல்லாகவும் கிரீமாகவும் குப்பியில் அடைக்கும் ஆசை கடையைப் பார்த்து வந்தது, ஆனால் கடைக்காரரிடம் இருக்கும் பதப்பொருள் நம் அடுப்படியில் இல்லை.

கற்றாழைக்கும் இதே கதைதான். அது ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். அரைத்துக் குப்பியில் வைத்தால் கிருமிக்குப் பந்தி விரித்த மாதிரி. குளிர்பெட்டி அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மடலை வெட்டியதும் வெட்டுவாயைக் கீழே பார்க்க ஒரு குவளையில் கால்மணி நேரம் நிறுத்தி வையுங்கள். மஞ்சளாக ஒரு பால் வடியும். அலோயின் என்ற கசப்புப் பொருள் இருப்பது அதில்தான், தோலை அரிக்கவைப்பதும் அதுதான். தோலைச் சீவி, உள்ளிருக்கும் கண்ணாடிபோன்ற பகுதியை மட்டும் எடுத்து, நன்றாக அலசி, அன்றே பூசி முடித்துவிடுங்கள். மிஞ்சினால் ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, ஒரு தடவைக்கு ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம். உறைநிலையில் கிருமி பெருகாது. வெயிலில் கன்றிய தோலுக்கு அது இதமாக இருக்கும். முடி வளர்க்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

இனி முடி. இங்கேதான் நான் பாதிப் பதில் என்று சொன்னது. கர்ப்பமாக இருக்கும்போது ஹார்மோன்களின் தயவால், உதிரவேண்டிய முடியும் உதிராமல் தலையிலேயே தங்கிவிடும். அந்த மாதங்களில் முடி அடர்த்தியாகத் தெரிந்திருக்குமே, அதுதான். பிரசவத்துக்குப் பின் அந்த ஹார்மோன்கள் சரேலென்று இறங்கும்போது, தங்கிய முடியெல்லாம் ஒன்றாக ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதங்களில் ஒன்றாகக் கொட்டத் தொடங்கும். வேர் சாகவில்லை. பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டி அடர்த்தி திரும்பிவிடுகிறது. டிங்கிக் காய்ச்சலுக்குப் பிறகும் சிலருக்கு இதே மாதிரி கொட்டி இதே மாதிரி வளரும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நான்காம் மாதம் பயந்துபோய் ஓர் எண்ணெயைத் தொடங்குபவருக்கு, எட்டாம் மாதம் நெற்றியோரத்தில் பூனைமயிர்போலப் புதுமுடி எட்டிப் பார்க்கும். எண்ணெய்க்குப் புகழ் போய்ச் சேரும். அந்தப் பெண் பத்துப் பேருக்குச் சொல்வார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எண்ணெயே வைக்காத பெண்ணுக்கும் அதே எட்டாம் மாதம் வளர்ந்திருக்கும். அவர் யாருக்கும் சொல்லமாட்டார்.

அப்படியானால் எண்ணெய் வீணா என்றால், இல்லை. தலையில் ஏற்கெனவே இருக்கும் முடி உடையாமல் காக்க அது உதவும். 2003இல் மும்பையில் செய்த ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். குளிப்பதற்கு முன் பூசியபோதும் பின் பூசியபோதும் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் காரணம் பொருந்தி வருகிறது: தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, முடித்தண்டுக்குள் புகும். ஆகவே இதை நான் உறுதியான பக்கத்தில் வைக்கிறேன். செம்பருத்தி இலைச் சாறு எலிகளின் முடியை வளர்த்தது என்று அதே 2003இல் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது, பூவைவிட இலைக்கே வீரியம் அதிகம் என்றும் அதில் கண்டார்கள். எலி மனிதன் இல்லை. அவர்கள் பயன்படுத்திய சாறும் நம் சட்டியில் இறங்கும் சாறும் ஒன்றில்லை. இது சந்தேகப் பக்கம். இலை போட வேண்டுமானால் போடுங்கள்; என் மாமியார் போடுவார், நானும் போடுகிறேன், வாசனைக்கும் பழக்கத்துக்கும்.

ரோஸ்மேரி எண்ணெய் பற்றி யாராவது உங்களிடம் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். 2015இல் ஈரானில் வழுக்கை விழத் தொடங்கிய 100 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ரோஸ்மேரியும் பாதிப் பேருக்கு முடி வளர்ச்சிக்கான பூச்சு மருந்தான 2 விழுக்காடு மினாக்ஸிடிலும் கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒன்றுமே பூசாத மூன்றாம் கூட்டம் அதில் இல்லை என்பது குறை. அது வேறு வகை முடி உதிர்தல் என்பது உங்களுக்கு முக்கியம். சின்ன வெங்காயச் சாறும் அப்படியே. நம் பாட்டிகள் அதைப் புழுவெட்டுக்குத்தான் தேய்த்தார்கள், காசு அளவு வட்டமாக முடி போகும் அந்த நோய்க்கு. 2002இல் பாக்தாதில் புழுவெட்டு உள்ள 23 பேருக்கு வெங்காயச் சாறு பூசி, ஆறு வாரத்தில் 20 பேருக்கு முடி முளைத்ததாக எழுதியிருக்கிறார்கள். புழுவெட்டு பலருக்குத் தானாகவும் ஆறும், சோதனையும் சின்னது. ஆனாலும் பாட்டியும் ஆய்வாளரும் ஒரே நோய்க்கு ஒரே காயைக் கையில் எடுத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து எல்லா முடி உதிர்தலுக்கும் தேய்க்கச் சொல்வதுதான் காணொளிக்காரர்களின் கைவரிசை. உங்களுக்கு மணம் மட்டுமே மிஞ்சும்.

பிறந்தநாள் தாண்டியும் கொட்டினால், வகிடு அகன்றுகொண்டே போனால், மண்டைத்தோல் சிவந்து செதிலடித்தால், படபடப்போ தாங்கமுடியாத அசதியோ கூடவே இருந்தால் எண்ணெயைத் தேடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்திய ஓராண்டில் தைராய்டு தடுமாறுவது உண்டு. பிரசவத்தில் இரத்தம் அதிகம் போனவர்களுக்கு இரும்புச் சத்துக் குறைந்திருக்கும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில்தான் பார்க்க முடியும். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே கேட்டுவிடலாம்.

நெற்றிப் பருக்களுக்கு வருகிறேன். எண்ணெயை இரவில் வேர் நனைய வைத்து, அப்படியே படுத்து, காலையில் குளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்காமல் சொல்வதால் இது ஊகம்தான், ஆனால் பணம் கட்டச் சொன்னால் இதன் மேல்தான் கட்டுவேன்: முடியோரத்திலும் நெற்றியிலும் மட்டும் வரும் பொடிப் பருக்களுக்குத் தலையிலிருந்து இறங்கும் எண்ணெயே பெரும்பாலும் காரணம். இரண்டு மாதம் எண்ணெயை நெற்றியோரத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி, முடியின் நீளத்தில் மட்டும் பூசுங்கள். ஒரு தேக்கரண்டி போதும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்தால் போதும், இரவெல்லாம் வேண்டாம். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். பொடுகும் இருந்தால் வேரில் எண்ணெயே வேண்டாம். பொடுகுக்குக் காரணமான நுண்பூசணம் கொழுப்பைத் தின்று வாழ்வது. எண்ணெய் வைத்ததும் செதில் படிந்து கண்ணுக்கு மறையும், போய்விட்டதென்று நினைப்போம், உள்ளே விருந்து நடக்கும். அதற்குக் கீட்டோகோனசோல் ஷாம்பு இருக்கிறது. தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசவேண்டும். இதில் வீட்டுச் சரக்கு எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பருவுக்கு எலுமிச்சைச் சாறு பூசலாமா என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், கூடாது. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தலில் எலுமிச்சை பிழியும் வேலை எனக்கு. காலை முழுக்க, கூடை கூடையாக, வெயிலில் நின்றபடி. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இரவு புறங்கை எரிந்தது. மூன்றாம் நாள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கொப்புளம், முழங்கைவரை சாறு வழிந்த தடமெல்லாம் சிவப்புக் கோடு. கொதிக்கும் எண்ணெய் தெறித்ததுபோல இருந்தது. கொப்புளம் ஆறி, பழுப்புத் தழும்பு மறைய ஆடி மாதம் ஆகிவிட்டது. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் இருக்கும் ஃபியூரானோகூமரின் என்ற பொருள் நம் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். லிமாவ் பூருட் என்ற சொரசொரத்த எலுமிச்சை வகையிலும் அந்தப் பொருள் உண்டு. தலைக்குத் தேய்த்து நன்றாக அலசிவிட்டால் பரவாயில்லை. முகத்தில் பூசிக்கொண்டு துணி காயப்போட மாடிக்குப் போகாதீர்கள். கூடவே, அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவில் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) தோல் 5க்குச் சற்றே முன்பின். எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டியது. சமையல் சோடா மறுகோடியில் 8க்கு மேல். இரண்டுமே சட்டி துலக்க நல்லவை.

நலங்கு மாவு அரைப்பதானால் அதே எச்சரிக்கை கார்போகரிசி என்ற விதைக்கும் உண்டு. மஸ்ஜித் இந்தியா பக்கமோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ நாட்டு மருந்துக் கடையில் பட்டியலைக் கொடுத்தால், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சளோடு அதையும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். கார்போகரிசியில் அதே வகைப் பொருளான சோராலென் இருக்கிறது. வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயிலில் காட்டுவது பழைய வைத்தியம். அதன் வேலையே தோலை வெயிலுக்குக் கூருணர்வாக்குவது. தினமும் தேய்த்துக் குளிக்கும் மாவில் அதற்கு வேலை இல்லை, விட்டுவிடுங்கள். கஸ்தூரி மஞ்சள் என்று வாங்குவது கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்து, விரலில் கறை பிடித்தால் அது பெரும்பாலும் கறி மஞ்சள்தான். உண்மையானது வெளிறி இருக்கும். மாவை நைசாகச் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது குழைத்துக்கொள்ளுங்கள். பருவுள்ள நெற்றியில் தேய்க்க வேண்டாம். எதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒரு நாளில் தெரியாத ஒவ்வாமை ஐந்தாம் நாள் தெரியும்.

கைக்குழந்தை இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தலை எண்ணெயில் பச்சைக் கற்பூரம் ஒரு துண்டு போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கற்பூரம் சிறு அளவே குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரலாம். நீங்கள் தூக்கி வைத்திருக்கும்போது உங்கள் முடியைப் பிடித்து வாயில் வைப்பது அந்தக் குழந்தைதான். கற்பூரம், நீலகிரித் தைலம் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்குங்கள். தேன் பூசினால் முகத்தைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்; ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படவே கூடாது. பிறந்தபோது எடுத்த பரிசோதனையில் குழந்தைக்கு ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு என்று எழுதியிருந்தால் மருதாணியும் அதன் மேல் படக்கூடாது, இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். கருகருவென்று ஒரு மணி நேரத்தில் பிடிக்கும் கறுப்பு மருதாணி யாருக்குமே வேண்டாம். அந்தக் கறுப்பு நிறம் மருதாணி இலையிலிருந்து வருவதில்லை, அதில் கலந்த முடிச்சாயத்திலிருந்து வருவது.

கடைப் பொருள் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் சட்டப்படி விற்கும் அழகுப் பொருளுக்கு சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவித்த எண் இருக்கும், என்ஓடி என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். எண் இல்லாமல் இரவுச் சந்தையிலும் கைப்பேசியிலும் ‘முழுக்க இயற்கை, ஒரே வாரத்தில் வெளுப்பு’ என்று விற்பவற்றில்தான் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் அகப்படுகின்றன. உங்களுக்குப் பயம் வேண்டியது அங்கே. வாசனையில்லாத சாதாரண ஷாம்பும் முகம் கழுவும் திரவமும் உங்களை ஒன்றும் செய்யாது. வெயில் காப்பு கிரீமை மட்டும் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். துத்தநாகப் பொடியைச் சமமாகக் கலக்கும் இயந்திரம் நம் மிக்ஸி அன்று.

கடைசியாக, அந்தப் பூசணம் பூத்த எண்ணெய். மறுபடி காய்ச்சாதீர்கள். சூட்டில் பூசணம் சாகும், அது விட்டுப்போன நஞ்சுகள் பலவும் அடுப்புச் சூட்டுக்கு அசையாதவை. தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய நாளிதழில் ஊற்றி உறிஞ்சவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சீசாவின் வாய் குறுகலாக இருந்தால் அதையும் சேர்த்தே போட்டுவிடுங்கள், உள்ளே கை போகாத சீசாவைச் சுத்தமாகக் கழுவவும் முடியாது, காயவைக்கவும் முடியாது.